நோயை அளக்கும் கண்

"கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது முன்னோர் வாக்கு. நீதிமன்றத்துக்கே உரியதெனக் கருதப்படும் இவ்வாக்கு வைத்தியசாலைக்கும் பொருந்துமோ எனில், பொருந்தும் என்பதை ஒரு நோயின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

பெருங்குடலின் உட்புறத்தை மெல்லிய சவ்வொன்று போர்த்தியிருக்கின்றது. அச்சவ்வு அழன்று சிவந்து, புண்பட்டு, இரத்தங் கசியும் நோயைப் பெருங்குடற் புண்ணழற்சி என்பர். மேனாட்டு வைத்தியர் அதற்கு ‘அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்’ என்று பெயரிட்டனர். சில காலம் அடங்கியும் சில காலம் கிளர்ந்தும் ஆண்டுக்கணக்கில் தொடர்வது இதன் இயல்பு. ஆதலால், இன்று நோய் எந்நிலையில் இருக்கின்றது என்னும் வினா மீண்டும் மீண்டும் எழும். வலிய மருந்தைத் தொடங்குவதா, நிறுத்துவதா, குடலையே அறுத்தகற்றுவதா என்பன பெரிதும் அவ்வினாவின் விடையைப் பற்றியே நிற்கின்றன.

இந்நோயின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் 1859ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குவர். அவ்வாண்டில், ஐயத்துக்கிடமான முறையில் இறந்த பெண்ணொருத்தியின் குடலை இலண்டன் மாநகரின் வைத்தியர் சாமுவேல் வில்க்ஸ் ஆராய்ந்து, தாம் கண்ட புண்களை வர்ணித்தார். அன்று குடலின் உட்புறத்தை வைத்தியர் நன்கு கண்டது உயிர் பிரிந்த பின்னரே. 1895இல் அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரிலிருந்த ஹவாட் கெலி என்பவர், உயிருடனிருப்போரின் கீழ்க்குடலை உலோகக் குழாய் வழியே நோக்கும் முறையை வெளியிட்டார். 1957இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்த பசில் ஹேர்ஷோவிட்ஸ், ஒளியைக் கடத்தும் கண்ணாடி நார்களைக் கொண்டு வளைந்து செல்லும் அகநோக்கியை இரைப்பைக்கென உருவாக்கினார். பின்னர் அத்தகைய அகநோக்கிகள் பெருங்குடலுக்கும் வந்து சேர்ந்தன.

கருவி வளர்ந்தது, ஆயின், கருவியின் மறுமுனையிலுள்ள கண்ணைப் பற்றி எவர் சிந்தித்தார்?

1955இல் ஒக்ஸ்போட் நகரின் ட்ரூலவ், விட்ஸ் என்னும் இரு வைத்தியர்கள் புகழ்பெற்ற ஆய்வொன்றின் முடிவை வெளியிட்டனர். 210 நோயாளரில் 109 பேருக்குக் கோட்டிசோன் மருந்தும், 101 பேருக்கு மருந்தற்ற போலிக் குளிசையும் வழங்கப்பட்டன. ஆறு வாரத்தின் பின் முதற்பிரிவில் நூற்றுக்கு 41 வீதமானோரிடமும், மற்றப் பிரிவில் ஏறத்தாழ 16 வீதமானோரிடமும் நோய் அடங்கியிருந்தது. இவ்வாய்வில் நோயாளரின் நலம் மட்டுமன்றி, குழாய் வழியே கண்ட குடலின் தோற்றமும் குறிக்கப்பட்டது. இங்கேதான் ஓர் ஐயம் எழுகின்றது. ஒரு வைத்தியர் "தேறியுள்ளது" என்று எழுதியதை மற்றொருவர் "மாற்றமில்லை" என்று எழுதியிருப்பின், மருந்தின் பயனை எவ்வாறு அறிவது?

இத்தகைய ஐயம் வெற்று ஐயமன்று. 1947இல் அமெரிக்காவில் மார்பு எக்ஸ்கதிர்ப் படங்களைக் கொண்டு சயரோகத்தைத் தேடிய ஆய்வில், தேர்ந்த வைத்தியர் ஐவர் ஒரே படங்களைத் தனித்தனியே பார்த்தனர். அவர்கள் ஒருவரோடொருவர் மாறுபட்டதன்றி, அதே படத்தை மீண்டும் பார்த்தபோது தம் முந்திய தீர்ப்போடு தாமே மாறுபட்டதும் வெளிப்பட்டது.

குடல்நோயிலும் இச்சோதனையைச் செய்தோர் பாரன், கொனெல், லெனாட் ஜோன்ஸ் என்னும் மூவர். 1964இல் பிரித்தானிய வைத்திய சஞ்சிகையில் வெளியான அவர்களின் கட்டுரை, ஒரே குடலை நோக்கிய வைத்தியர்களின் குறிப்புகளை ஒப்பிட்டது. குருடர் யானையைத் தடவிய கதையில் ஒருவர் காலையும் மற்றவர் காதையும் தொட்டனர். ஆதலின் அவர்கள் மாறுபட்டதில் வியப்பில்லை. இங்கேயோ கண்ணுடையார், ஒரே இடத்தை நோக்கியும் மாறுபட்டனர். சிவப்பு எவ்வளவு சிவப்பு என்பதற்கு அளவுகோல் இல்லை. இரத்தம் கசிகின்றதா, இல்லையா என்பதிலேயே ஒற்றுமை மிகுந்து காணப்பட்டது.

அதனாலேயே அவர்கள் பெயரால் வழங்கும் அளவுகோல் இரத்தக் கசிவை அடிப்படையாகக் கொண்டது. குருதிக் குழாய்களின் கிளைகள் தெளிவாகத் தோன்றி, தொட்டாலும் கசியாத குடல் சுழியம். இயல்புக்கு மாறாயினும் கசியாதது ஒன்று. மெல்லத் தொட்டால் கசிவது இரண்டு. கருவி தொடுமுன்னரே கசிந்துகொண்டிருப்பது மூன்று. இங்கு "மிகுதி", "சிறிது" என்னும் சொற்களுக்கு வேலை குறைவு. ஒரு செயலும் அதன் விளைவுமே சான்று பகர்கின்றன.

ஒற்றுமையை அளப்பதற்கும் ஒரு முறை வேண்டியிருந்தது. நோயாளருட் பெரும்பாலோர் இலேசான நிலையில் இருப்பின், கண்ணை மூடிக்கொண்டு "இலேசு" என்று எழுதும் இருவரும் பெரும்பாலும் ஒத்துப்போவர். அது ஒற்றுமையன்று; தற்செயல். 1960இல் அமெரிக்க உளவியலறிஞர் ஜேக்கப் கோகன், தற்செயலான ஒற்றுமையைக் கழித்து எஞ்சியதை மட்டும் கணிக்கும் ‘கப்பா’ என்னும் அளவைத் தந்தார். முழு ஒற்றுமை ஒன்று. தற்செயலுக்கு மேற்படாதது சுழியம். பிற்கால ஆய்வுகள் பல இவ்வளவையே கையாண்டன.

1987இல் மேயோ மருத்துவ நிலையத்தார் மெசலமின் மருந்தைச் சோதித்தபோது வகுத்த அளவுகோல் உலகெங்கும் பரவிற்று. அதுவும் சுழியம் முதல் மூன்று வரை செல்வது. ஆயின் அதன் ஒன்றாம் படியில் "இலேசாக நொய்ந்த" குடலும் அடங்கியிருந்தது. இலேசு எங்கே முடிந்து மிகுதி எங்கே தொடங்குகின்றது? இவ்வெல்லை தெளிவற்றிருந்தமையால், பின்வந்த மருந்தாய்வுகள் நொய்மையை ஒன்றாம் படியிலிருந்து நீக்கின.

2012இல் ஒக்ஸ்போட் வைத்தியர் சைமன் ட்ராவிசும் பல நாட்டு நிபுணரும் வெளியிட்ட ஆய்வு வியப்பான உண்மையொன்றை உணர்த்திற்று. பதின்மர் வீடியோப் படங்களைப் பார்த்துப் பாரன் அளவுகோலால் மதிப்பிட்டனர். அவை நடுவர் ஒருவரின் மதிப்பீட்டுடன் ஒப்பிடப்பட்டன. "கடுமை" என்னும் தீர்ப்பில் நூற்றுக்கு 76 வீதம் ஒற்றுமை இருந்தது. "இயல்பு" என்னும் தீர்ப்பிலோ 27 வீதமே. நோயைக் காண்பதிலும் நோயின்மையைக் காண்பதே கடினம் போலும்! பின்னர் வேறு முப்பதின்மரின் மதிப்பீடுகளிலிருந்து குருதிக் குழாய்களின் தோற்றம், இரத்தக் கசிவு, புண் என்னும் மூன்று குறிகள் தெரிந்தெடுக்கப்பட்டன. ஒவ்வொரு படிக்கும் திட்டமான வரைவிலக்கணமும் வகுக்கப்பட்டது.

இவையெல்லாம் நிபுணரிடையே நிகழும் சொற்போர் என்று தள்ளிவிட முடியாது. 2013இல் வெளியான ஒரு மெசலமின் ஆய்வே அதற்குச் சான்று. அதில் 281 நோயாளர் சேர்க்கப்பட்டனர். மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 30 வீதமானோர் தேறினர். போலிக் குளிசை பெற்றோரில் 20.6 வீதமானோர் தேறினர். இவ்வேற்றுமை தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்றது கணக்கு. மருந்து தோற்றது எனவே பலரும் முடிவு கட்டியிருப்பர். ஆயின், வீடியோப் படங்களைத் தூரத்திலிருந்து பார்த்த மைய நடுவர், சேர்க்கப்பட்டோருள் 31 வீதமானோருக்கு ஆய்வு வேண்டிய அளவு நோய் இருக்கவில்லை என்று கண்டார். அவர்களை நீக்கிக் கணித்தபோது மருந்து பெற்றோரில் 29 வீதமும், போலிக் குளிசை பெற்றோரில் 13.8 வீதமும் தேறியிருந்தமை புலனாயிற்று. இவ்வேற்றுமை தற்செயலென ஒதுக்கத்தக்கதன்று. நோய் போதாதவர் எதை உண்டாலும் தேறியவராகத் தோன்றக்கூடும். அவர்களின் சேர்க்கை மருந்தின் பயனை மறைத்துவிட்டது. நல்ல மருந்தொன்று நோயாளருக்குக் கிட்டாமற் போவதற்குக் கண்ணின் பிழையே போதுமானது.

இன்று கணினியும் இப்பணிக்கு வந்துள்ளது. 2019இல் மிச்சிகன் ஆய்வாளர்கள், 3,082 நோயாளரின் 16,514 படங்களைக் கொண்டு கணினியைப் பயிற்றி, அதன் மதிப்பீடு தேர்ந்த வைத்தியரின் மதிப்பீட்டுக்கு நிகராயிருந்ததைக் காட்டினர். கணினி களைப்படைவதில்லை, ஒரே படத்துக்கு இருவேறு தீர்ப்புக் கூறுவதுமில்லை. எனினும், அதற்குப் பாடமாயமைந்தவை மனிதர் இட்ட புள்ளிகளே. ஆசான் மயங்கிய இடத்தில் மாணாக்கனும் மயங்குவான்.

ஆதலால், இவ்வரலாற்றில் கருவிகளைச் செய்தோருக்குரிய புகழில் ஒரு பங்கு, தம் கண்ணையே சோதனைக்குட்படுத்தியோருக்கும் உரியது. "யாம் மாறுபடுகின்றோம்" என்று 1964இல் வைத்தியர் வெளிப்படையாக எழுதியமையால் அவர்தம் மதிப்புக் குறையவில்லை. அவ்வொப்புதலிலிருந்தே பின்வந்த அளவுகோல்கள் பிறந்தன. தீர விசாரிப்பதே மெய் என்னும் முதுமொழி, விசாரிப்போனின் கண்ணையும் விசாரிக்கச் சொல்கின்றது போலும்.