லாங்லியின் பதினாறு வரிகள்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். ஒரு வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் புகார்கள் ஏன் தாமதமாக முடிகின்றன என்று கண்டுபிடிக்கச் சொல்லி ஆறு மாத எக்செல் ஷீட் ஒன்றை என்னிடம் தள்ளிவிட்டார்கள். புள்ளியியல் என்பது அப்போது எனக்குக் காலேஜில் எப்படியோ பாஸ் ஆன ஒரு பேப்பர், அவ்வளவுதான். ஆனால் எக்செலில் 'அனாலிசிஸ் டூல்பேக்' என்று ஒரு ஆட்-இன் இருப்பது தெரியும். ஆப்ஷன்ஸுக்குள் போய் டிக் அடித்தால் டேட்டா மெனுவின் ஓரத்தில் வந்து உட்காரும். அதில் 'ரிக்ரெஷன்' என்பதைத் தட்டினால் பெரிய அட்டவணை ஒன்றைத் துப்பும். அது போதும் என்று நினைத்தேன்.

முதல் முயற்சியில் ஒரு பிழைச் செய்தி வந்தது. 'லின்எஸ்ட்' என்ற ஃபங்ஷன் பிழை தருகிறது, உள்ளீட்டு எல்லையைச் சரிபார் என்றது. அப்படியொரு ஃபங்ஷனை நான் கூப்பிடவே இல்லை. அரை மணி நேரம் தேடியதில் ஒரு செல்லில் எண்ணுக்குப் பதிலாக வெறும் ஸ்பேஸ் இருந்தது. அதை அழித்தேன், ஓடியது.

காலை, மதியம், இரவு என்று மூன்று நெடுவரிசைகள் வைத்திருந்தேன். புகார் அந்த ஷிப்டில் வந்திருந்தால் 1, இல்லாவிட்டால் 0. வந்த முடிவில் 'டி-ஸ்டாட்' என்ற பத்தியைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினேன். அந்த எண் பெரிதாக இருந்தால் அந்தக் காரணி முக்கியம் என்று மட்டும் நினைவில் இருந்தது. மற்றதெல்லாம் 2, 3 என்று இருக்க, இரவு ஷிப்டுக்கு எதிரே 65535. எனக்கு ஒரே சந்தோஷம். 'தாமதத்துக்கு முதன்மைக் காரணம்: இரவு ஷிப்ட்' என்று ஸ்லைடு போட்டு அனுப்பிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து டீமில் சீனியரான அக்கா ஒருவர் அந்த ஷீட்டைத் திறந்து பார்த்தார். "ஏம்ப்பா, இதோட கோஎஃபிஷியன்ட் என்னன்னு பாத்தியா?" பார்த்தேன். 0. பக்கத்தில் ஸ்டாண்டர்ட் எரர், அதுவும் 0. பி-வேல்யூ இருக்க வேண்டிய இடத்தில் பிழைக்குறி. "பதினாறு பிட்டுல எழுதக்கூடிய பெரிய நம்பர் எதுன்னு இன்ஜினியருக்குத் தெரியாதா?" என்றார். தெரியும். 65535. அது விடையே இல்லை. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கப் போய் நின்ற இடத்தில் கிடந்த எண்.

அந்த இரண்டு வாரமும் இரவு ஷிப்டின் டீம் லீடர் தினமும் விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

*

நான் என்ன தப்பு செய்தேன் என்பதைச் சொல்வது எளிது. ஒரு புகார் மூன்று ஷிப்டில் ஏதோ ஒன்றில்தான் வரும். காலையும் இல்லை, மதியமும் இல்லை என்றால் அது இரவுதான். மூன்றாவது நெடுவரிசை புதிதாக எதையும் சொல்லவில்லை. ஒரே தகவலை இரண்டு முறை கொடுத்துவிட்டு 'இதில் எதற்கு எவ்வளவு பங்கு?' என்று கேட்டால் கணக்குக்கு ஒரே விடை கிடையாது, எண்ணற்ற விடைகள் உண்டு. எக்செல் அதைப் புரிந்துகொண்டு ஒரு நெடுவரிசையைக் கழற்றிவிட்டு அதற்கு 0 போட்டிருக்கிறது. அந்த 0 ஒரு எச்சரிக்கை. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

அந்த 0 எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனபோதுதான் ஜேம்ஸ் லாங்லி என்ற மனிதரை அடைந்தேன்.

அதற்கு முன் அடிப்படையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். சிதறிக் கிடக்கும் புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோட்டை இழுக்கவேண்டும், கோட்டிலிருந்து ஒவ்வொரு புள்ளியும் விலகும் தூரத்தின் வர்க்கங்களைக் கூட்டினால் மிகக் குறைவாக வரவேண்டும். இதுதான் குறைந்த வர்க்க முறை. 1805-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லெஜாந்தர் இதை வெளியிட்டார். 1809-இல் ஜெர்மனியின் காஸ், 'இதை நான் 1795-லிருந்தே பயன்படுத்துகிறேன்' என்று எழுதினார். சண்டை வந்தது. 'ரிக்ரெஷன்' என்ற பெயர் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் ஒப்பிட்ட பிரான்சிஸ் கால்டன், 1886-இல், மிக உயரமானவர்களின் பிள்ளைகள் சராசரியை நோக்கித் திரும்பி வருகிறார்கள் என்பதைச் சொல்ல அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். நம் பாடப்புத்தகத்தில் அது 'தொடர்புப்போக்கு'.

காஸும் லெஜாந்தரும் இதைக் கையால்தான் போட்டார்கள். கையால் போடுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. எண் எங்கே தேய்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். கணினி வந்ததும் முதலில் போனது அந்தக் கண்தான்.

*

லாங்லி அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். 1967-இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். கணினிகளில் ஓடும் குறைந்த வர்க்க நிரல்களைப் 'பயனரின் பார்வையிலிருந்து' மதிப்பிடுவதாகத் தலைப்பிலேயே சொன்னார். நிரலை எழுதியவரின் பார்வையிலிருந்து அல்ல. எனக்கு அந்தக் கட்டுரையில் மிகவும் பிடித்தது அந்தத் தலைப்புதான்.

அவர் எடுத்துக்கொண்ட தரவு ரொம்பச் சின்னது. 1947 முதல் 1962 வரை பதினாறு வருடங்கள், பதினாறு வரிகள். கண்டுபிடிக்க வேண்டியது அமெரிக்காவில் எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள் என்பது. முதல் வரியில் 60,323 ஆயிரம் பேர், கடைசி வரியில் 70,551 ஆயிரம் பேர். காரணிகள் ஆறு: விலைவாசிக் குறியீடு, மொத்த தேசிய உற்பத்தி, வேலையில்லாதோர், ராணுவத்தினர், மக்கள்தொகை, பிறகு வருடம்.

இந்த ஆறில் பலவும் வருடத்தோடு சேர்ந்து ஏறுபவை. மக்கள்தொகை ஏறும், உற்பத்தி ஏறும், விலை ஏறும், வருடம் ஏறாமல் இருக்காது. என் மூன்று ஷிப்டைப் போல முழுக்க ஒரே தகவல் இல்லை, ஆனால் கிட்டத்தட்ட. ரெட்டைப் பிள்ளைகளை நிற்கவைத்து யார் உயரம் என்று கேட்பது மாதிரி.

லாங்லி மேஜைக் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு கையால் இந்தக் கணக்கைப் போட்டார், நிறைய இலக்கங்களோடு. பிறகு அதே பதினாறு வரிகளை அன்று புழக்கத்தில் இருந்த கணினி நிரல்களில் ஓட்டிப் பார்த்தார். நிரலுக்கு நிரல் விடை மாறியது. சிலவற்றில் முதல் இலக்கமே தவறு. எந்த நிரலும் பிழைச் செய்தி தரவில்லை. எல்லாமே நேர்த்தியாக அச்சடித்த தாளில், தசமப் புள்ளிக்குப் பின்னால் வரிசையாக இலக்கங்களோடு வந்தன.

*

ஏன் இப்படி ஆகிறது? ஒரு எலுமிச்சம்பழத்தின் எடை வேண்டும். கையில் இருப்பது லாரி நிறுத்தும் எடைமேடை. லாரியைப் பழத்தோடு ஒருமுறை நிறுத்தி, பழமில்லாமல் ஒருமுறை நிறுத்திக் கழிக்கலாம். தத்துவப்படி தப்பே இல்லை. ஆனால் எடைமேடை பத்து கிலோவுக்குக் கீழே பார்க்காது என்றால், விடை பூஜ்யமாகவோ பத்து கிலோவாகவோ வரும்.

100000001, 100000002, 100000003 என்ற மூன்று எண்களின் திட்டவிலக்கம் 1. பள்ளிக்கூடத்துச் சுருக்குவழிச் சூத்திரத்தில் போட்டால் 9-க்குப் பின் பதினாறு பூஜ்யம் வருகிற அளவுள்ள இரண்டு எண்களைக் கழிக்கவேண்டும். உண்மையான வித்தியாசம் வெறும் 6. இன்றைய கணினியின் வழக்கமான துல்லியத்தில் அந்த அளவுள்ள எண்களை 16-இன் மடங்குகளாகத்தான் வைத்துக்கொள்ள முடியும். 6 எங்கே போகும்? லாரிக்குள் எலுமிச்சம்பழம்.

ரிக்ரெஷனில் இதே கதை இன்னும் மோசம். நெடுவரிசைகளை ஒன்றோடொன்று பெருக்கிக் கூட்டி 'நார்மல் சமன்பாடுகள்' அமைப்பதுதான் பாடப்புத்தக வழி. தரவின் சிக்கலை அளக்க 'கண்டிஷன் நம்பர்' என்று ஒன்று உண்டு. லாங்லி தரவை அப்படியே எடுத்தால் அது சுமார் 4.86 × 10⁹. பெருக்கிக் கூட்டும் அந்த ஒரு படியில் அது வர்க்கமாகி 10¹⁹-ஐத் தாண்டிவிடும். எண்ணுக்கு ஏழெட்டு இலக்கம் மட்டும் வைத்திருந்த அன்றைய நிரல்கள் என்ன செய்யும், பாவம்.

மாற்றுவழி தெரியாமல் இல்லை. 1962-லேயே வெல்ஃபோர்ட் என்பவர் திட்டவிலக்கத்தைப் பாதுகாப்பாகக் கணக்கிடும் முறையை வெளியிட்டிருந்தார். 1965-இல் ஜீன் கோலப், நார்மல் சமன்பாடுகளைத் தொடாமலே, ஒவ்வொரு நெடுவரிசையிலிருந்தும் மற்றதன் நிழலைப் பிரித்தெடுத்துத் தீர்க்கும் வழியைக் காட்டினார். இன்று கியூஆர் என்கிறோம். வழி இருந்தது, அது கருவிக்குள் போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி.

*

அது போய்ச் சேர ஆன காலம்தான் இந்த வரலாற்றின் சங்கடமான பகுதி.

1979-இல் விசிகால்க் வந்தது, 1983-இல் லோட்டஸ் 1-2-3, 1985-இல் மெக்கின்டாஷுக்கு எக்செல். கணக்குப்பிள்ளையின் பேரேடாகத் தொடங்கியது மெல்ல மெல்ல எல்லாருடைய ஆய்வகமும் ஆனது. புள்ளியியல் கருவிகளை ஆட்-இன்னாகச் சேர்த்தார்கள். எக்செலோடு வரும் டூல்பேக், கிரேமேட்டர் இன்டர்நேஷனல் என்ற வெளி நிறுவனம் எழுதியது. அதன் ரிக்ரெஷன் பொத்தான் தானாக ஒன்றும் கணக்கிடுவதில்லை. எக்செலின் உள்ளே இருக்கும் லின்எஸ்டைக் கூப்பிட்டு, விடையை அழகாக அடுக்கித் தருகிறது. நான் கூப்பிடாத ஃபங்ஷனின் பெயரில் எனக்குப் பிழைச் செய்தி வந்த மர்மம் இதுதான். ஆட்-இன்னில் கோளாறு என்று நாம் தேடுவது பல சமயம் அதற்கு ஒரு தளம் கீழே இருக்கும்.

அந்தக் கீழ்த்தளத்தில், 1990-களின் எக்செலில், ஓடிக்கொண்டிருந்தது நார்மல் சமன்பாடுகள்தான். திட்டவிலக்கத்துக்கு அதே லாரி எடைமேடை.

அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனமான நிஸ்ட், சோதனைத் தரவுத் தொகுதிகளை உருவாக்கி, 500 இலக்கத் துல்லியத்தில் கணக்கிட்ட விடைகளோடு வெளியிட்டது. அதில் லாங்லியின் பதினாறு வரிகளும் உண்டு. அவற்றை வைத்து மெக்கல்லா, வில்சன் இருவரும் எக்செல் 97-ஐச் சோதித்து 1999-இல் முடிவை வெளியிட்டார்கள். எளிய கணக்குகளில் பரவாயில்லை. பத்தாம் படிவரை போகும் ஒரு கடினமான தொகுதியில் ஒரு இலக்கம்கூடத் தேறவில்லை. புள்ளியியல் வேலைக்கு எக்செல் வேண்டாம் என்று முடித்தார்கள். லின்எஸ்டுக்குள் கியூஆர் வந்தது எக்செல் 2003-இல். 1965-இலிருந்து எண்ணினால் 38 வருடம்.

நெடுவரிசைகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கின்றனவா என்று பார்த்து, சார்ந்திருந்தால் 0 போடும் பழக்கமும் அந்தப் பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன்பு குப்பை எண்கள் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வரும். (அதே 2003-இல் ரேண்டம் எண் தரும் ஃபங்ஷனையும் திருத்தினார்கள், 0-க்கும் 1-க்கும் இடையே இருக்கவேண்டியது சில சமயம் எதிர்மறை எண் தந்தது. ஒரு பக்-ஐ அடைத்தால் இன்னொன்று முளைப்பது நமக்கு மட்டும் நடப்பதில்லை என்பது ஒரு ஆறுதல்.)

*

இத்தோடு முடிந்தால் இது கருவிகள் திருந்திய கதை. ஆனால் லாங்லி தரவுக்கு இன்னொரு அத்தியாயம் இருக்கிறது.

அதன் துல்லியமான விடையில், மொத்த உற்பத்திக்கு எதிரே இருக்கும் குணகம் எதிர்மறை: -0.0358. நேராகப் படித்தால், மற்றவை மாறாமல் நாட்டின் உற்பத்தி கூடினால் வேலையில் இருப்போர் குறைவார்கள். 500 இலக்கத்துக்குச் சரிபார்த்த விடை இது. கணக்கில் துளி பிசகு இல்லை.

1976-இல் பீட்டன், ரூபின், பரோன் மூவரும் வேறொரு கேள்வி கேட்டார்கள். தரவே ரவுண்டு செய்யப்பட்டதுதானே? 60,323 ஆயிரம் என்பது உண்மையில் 60,322.7 ஆகவும் இருக்கலாம், 60,323.4 ஆகவும் இருக்கலாம். கடைசி இலக்கத்துக்கு அப்பால் தொலைந்துபோன அந்தத் துணுக்குகளை, குத்துமதிப்பாக மறுபடி மறுபடி நிரப்பிக் கணக்கைப் போட்டார்கள். குணகங்கள் தாறுமாறாக ஆடின. அதாவது நிரல் சரியாக இருந்தாலும், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தெம்பு அந்தத் தரவுக்கு இல்லை.

இதைப் படித்த அன்றைக்குத்தான் என் 65535 முழுசாகப் புரிந்தது. இரண்டு விதமான பிழை இருக்கிறது. ஒன்று, கருவி தப்பாகக் கூட்டுவது. அதைத் திருத்தலாம், திருத்திவிட்டார்கள். இன்னொன்று, தரவுக்குத் தெரியாததை அதனிடம் கேட்டு, வருவதை வாக்குமூலமாக எழுதிக்கொள்வது. அதற்குப் புதிய பதிப்பு வராது.

இப்போது யாராவது ஷீட்டைக் கொண்டுவந்தால் நான் பார்ப்பது சில விஷயங்கள்தான். எண் போல இருக்கும் எழுத்து ஏதாவது செல்லில் ஒளிந்திருக்கிறதா? தேதியை அப்படியே போட்டு வர்க்கம், கனம் என்று ஏற்றியிருக்கிறார்களா? (எக்செலுக்குத் தேதி என்பது நாற்பதாயிரத்துச் சொச்சம்; அதன் கனமும் லாரிதான்.) தரவை மாற்றிய பிறகு டூல்பேக்கை மறுபடி ஓட்டினார்களா? அதன் அட்டவணை தானாக மாறாது. பழைய விடை புதிய தரவின் பக்கத்திலேயே சாதுவாக உட்கார்ந்திருக்கும். கடைசியாக, ஒரு நெடுவரிசையை எடுத்துவிட்டு ஓட்டுவேன். மற்ற எண்கள் குறியே மாறிக் குதித்தால், அவற்றில் எதையும் நம்பி ஸ்லைடு போடமாட்டேன்.

அன்று அந்த அக்கா சொல்லி, இரவை அடிப்படையாக வைத்து மற்ற இரண்டு ஷிப்டை மட்டும் போட்டு ஓட்டினோம். ஷிப்டுகளுக்கு நடுவே சொல்லிக்கொள்ளும்படி எந்த வித்தியாசமும் இல்லை. திருத்திய ஸ்லைடை அனுப்பினேன். ஓகே என்று ஒரு வரி பதில் வந்தது.

டீம் லீடரைத் தேடிக் கேன்டீனுக்குப் போனேன். டீ சொன்னார். என்ன நடந்தது என்று சொன்னேன். ஷிப்ட் நெடுவரிசை, பூஜ்யம், பதினாறு பிட் எல்லாம் பொறுமையாகக் கேட்டார். "சரி தம்பி, அந்த நம்பருக்கு முன்னாடி ஒரு போன் பண்ணி என்கிட்ட கேட்டிருக்கலாமே, நைட்ல என்ன நடக்குதுன்னு" என்றார்.

பதினாறு வரிகளைக் கையால் போட்டுப் பார்த்த லாங்லியும் ஒருவகையில் அதைத்தான் செய்திருக்கிறார். இயந்திரம் சொன்னதை இன்னொரு இடத்தில் போய்க் கேட்டிருக்கிறார்.