'லாஃபுல்' வேறு, 'ஹலால்' வேறு

திருக்குர்ஆனின் ஆங்கில மொழிபெயர்ப்புகளில் 'ஹலால்' என்னும் சொல்லுக்கு 'லாஃபுல்' எனப் பொருள் எழுதியிருப்பதை நம் பிள்ளைகள் காண்கின்றனர். சட்டம் அனுமதிப்பதெல்லாம் ஹலால்தானோ என்ற எண்ணம் இதனால் எழக்கூடும். இரு சொற்களின் வரலாற்றையும் அறிந்தால் ஐயம் நீங்கும்.

'லாஃபுல்' என்பதன் வேர் 'லா'. இது பண்டைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்தது. 9ஆம் நூற்றாண்டில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து படையெடுத்து வந்தோர் இங்கிலாந்தில் குடியேறினர். அவர்களுடைய சட்டம் செல்லுபடியான பகுதி 'டேன்லா' எனப்பட்டது. 'இடப்பட்டது, நிலைநாட்டப்பட்டது' என்பதே அவ்வேரின் பொருள். நம் தமிழிலும் 'சட்டம்' என்பது மரச்சட்டத்தையும் குறிக்கும். இரண்டிலும் மனிதர் அமைத்த வரம்பு என்னும் கருத்து உண்டு.

'ஹலால்' என்பதன் அரபி வேருக்கு முடிச்சை அவிழ்த்தல் என்று பொருள். ஹாஜிகள் இஹ்ராமின் தடைகளிலிருந்து விடுபடுவதைத் 'தஹல்லுல்' என்பதும் இவ்வேரினின்றே பிறந்தது. 'ஹராம்' என்பதன் வேரோ தடுத்தலைக் குறிக்கும். கட்டுபவனும் அவிழ்ப்பவனும் அல்லாஹ்வே.

அரபு உலகில் ஆட்சியாளர் இயற்றும் சட்டத்திற்குக் 'கானூன்' என்று தனிப்பெயர் உண்டு. அளவுகோலைக் குறித்த கிரேக்கச் சொல்லே அரபியில் அவ்வாறு ஆயிற்று. உஸ்மானிய சுல்தான் சுலைமான் (ஆட்சி 1520–1566) 'கானூனி' எனப் புகழ்பெற்றார். ஷரீஅத்தையும் கானூனையும் முன்னோர் வேறுபடுத்தியே அறிந்திருந்தனர்.

நம் செம்மேட்டில் மிளகும் காப்பிக்கொட்டையும் எடைபோட்டே விற்கப்படுகின்றன. 2009ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டப்படி தராசு சோதிக்கப்பட்டு முத்திரை பெறவேண்டும். முத்திரை இருந்தால் தராசு சட்டப்படி சரியானது. ஆனால் எடைபோடும் கை நேர்மை தவறினால் அந்த வருமானம் ஹலாலாகுமா? அளவில் மோசடி செய்வோரைக் கண்டிக்கவே 83ஆம் அத்தியாயமாகிய 'அல்முதஃப்ஃபிஃபீன்' அப்பெயர் பெற்றது. வட்டியும் அவ்வாறே: சட்டம் அதற்கு இடமளிக்கிறது, மார்க்கம் இடமளிக்கவில்லை.

இதனால் நாட்டின் சட்டம் நமக்குப் பொருட்டன்று என எண்ணலாகாது. பாவத்திற்கு ஏவாத சட்டத்தைப் பேணுவது கடமை. கொல்லிமலையின் 70 கொண்டையூசி வளைவுகளிலும் சாலைவிதியை மீறுபவர் அடுத்தவர் உயிருக்கே தீங்கிழைக்கிறார். அது மார்க்கத்திலும் குற்றமே.

சட்டம் முத்திரையைச் சோதிக்கும். அல்லாஹ் உள்ளத்தையும் அறிவான். ஹலாலான சம்பாத்தியத்தை நம் குடும்பங்களுக்கு அவன் அருள்வானாக! ஆமீன்.