பல திரை, ஒரே தரவு: ‘கேவ்2’ கூடம்

ஒருவர் தமது மடிக்கணினியைத் திரையுடன் இணைத்துக் காட்ட, மற்றவர்கள் தங்கள் முறைக்குக் காத்திருப்பதே பெரும்பாலான கூட்டங்களின் வழக்கம். அமெரிக்காவில், சிகாகோவிலுள்ள இலினோய் பல்கலைக்கழகம் 2012ஆம் ஆண்டில் அமைத்த ‘கேவ்2’ கூடத்தில் அந்தக் காத்திருப்பு இல்லை.

ஏறத்தாழ 24 அடி விட்டமுள்ள வட்ட அறை அது. 72 திரைகள் உள்ளே நிற்பவர்களை 320 பாகைக்குச் சூழ்ந்திருக்கும். ஒருபுறம் முப்பரிமாணக் காட்சியும் மறுபுறம் வரைபடம், அட்டவணைகளும் ஒரே நேரத்தில் தெரியும்.

அண்டார்டிக்காவின் போனி ஏரியை ஆராய்ந்த குழு இக்கூடத்தைப் பயன்படுத்தியது. ஆண்டு முழுவதும் பனிக்கட்டி மூடிய அந்த ஏரிக்குள் ‘எண்டூரன்ஸ்’ என்னும் தானியங்கி நீர்மூழ்கி இறங்கி, ஒலியலைகளால் ஆழத்தை அளந்தது. சிக்கல் நீரில்தான். மேலே உப்புக் குறைந்த நீர், அடியில் கடல்நீரைவிட உப்பான நீர். உப்பின் அளவு மாறும் இடத்தில் ஒலியின் வேகம் மாறி அதன் பாதை வளையும். ஆழக் கணக்கும் பிசகும். எது ஏரியின் தரை, எது பிழை என்று பிரித்தறிய ஏரி ஆய்வாளர், பொறியாளர், கணினி வல்லுநர் எல்லாரும் ஒரே தரவை ஒன்றாகப் பார்ப்பது அவசியமானது.

கூடத்தை அமைத்த ஆய்வகம் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘சேஜ்2’ மென்பொருள் இணைய உலாவியிலேயே இயங்கும். அவரவர் மடிக்கணினியிலிருந்து கோப்பைப் பெருந்திரைக்கு அனுப்பலாம். ஒவ்வொருவரின் சுட்டியும் பெயருடன் தெரியும். ஒரே படத்தை இருவர் ஒரே நொடியில் இழுத்தால், அதை அவர்களே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.