ஹாக்கி விதிகள் வளர்ந்த கதை

ஹாக்கியின் இன்றைய விதிகளுக்கு அடித்தளம் இங்கிலாந்தில் இடப்பட்டது. 1886இல் லண்டனில் தோன்றிய ஹாக்கி சங்கம், கோலுக்கு முன்னுள்ள வளைவுக்குள்ளிருந்து அடித்தால்தான் கோல் என்பதை உறுதிப்படுத்தியது. தொலைவிலிருந்து கண்மூடித்தனமாக அடிப்பதை அது தடுத்தது. ஆட்டத்துக்கு அழகு சேர்த்த விதி அதுவே.

இன்றைய விதிப்படி, மட்டையின் பின்புறத்தால் பந்தைத் தொடக்கூடாது. அப்படிப் பட்டாலோ, பந்து காலில் பட்டு ஆதாயம் கிடைத்தாலோ ஃபவுல். எதிராளியின் மட்டையை அடிப்பதும், உடலால் மறைத்துப் பந்தைக் காப்பதும் அப்படியே. தற்காப்பு அணி வளைவுக்குள் ஃபவுல் செய்தால் எதிரணிக்குப் பெனால்டி கார்னர் கிடைக்கும். அப்போது கோல்கீப்பர் உட்பட ஐவர் மட்டுமே கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். கோலாகியிருக்கக்கூடிய பந்தை ஃபவுலால் தடுத்தால் 6.40 மீட்டரிலிருந்து பெனால்டி ஸ்ட்ரோக்.

பெரிய திருப்பம் 1976. மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஆட்டம் செயற்கைத் தரைக்கு மாறியது. புல்தரையில் ஏழு தங்கம் வென்றிருந்த இந்தியா அங்கே ஏழாவது இடத்துக்குச் சரிந்தது. வேகம் கூடக்கூட விதிகளும் தளர்ந்தன. மட்டைகளை மோதித் தொடங்கும் ‘புல்லி’ 1981இல் போனது. எதிரணி கோலருகே முன்கூட்டியே நிற்பதைத் தடுத்த ஆஃப்சைடு விதி தொண்ணூறுகளின் இறுதியில் அடியோடு நீக்கப்பட்டது. தாக்குதல் ஆட்டத்துக்கு இதைவிடப் பெரிய விடுதலை வேறில்லை. 2009 முதல், ஃபவுலுக்குக் கிடைக்கும் ஃப்ரீ ஹிட்டை எடுப்பவர் பந்தைத் தானே தொடர்ந்து கொண்டுசெல்லலாம். ஆனால் விதி மீறுபவருக்குத் தண்டனை உண்டு: பச்சை அட்டைக்கு இரண்டு நிமிடமும், மஞ்சளுக்குக் குறைந்தது ஐந்து நிமிடமும் வெளியே உட்கார வேண்டும். சிவப்பு அட்டை பெற்றவர் அந்த ஆட்டத்துக்குத் திரும்ப முடியாது.