வருஷக்கணக்கா ஷெட்டில் நிற்கும் பழைய புல்லட், யெஸ்டி.. ரோட்டுக்கு எடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

அப்பா ஓட்டிய புல்லட், தாத்தா வாங்கிய யெஸ்டி, ராஜ்தூத்... பல வீடுகளில் இப்படி ஒரு வண்டி தார்ப்பாய்க்குள் வருஷக்கணக்கா நிற்கும். பெட்ரோல் ஊத்தி நாலு உதை உதைச்சதும் ஸ்டார்ட் ஆகிவிட்டால், ‘வண்டி நல்லாத்தான் இருக்கு’ என்று நேராக ரோட்டுக்கு எடுத்துவிடுகிறார்கள். ஆபத்தே அங்கேதான் ஆரம்பிக்கிறது. இன்ஜின் ஸ்டார்ட் ஆவது ஒரு விஷயம், பிரேக் பிடித்தால் வண்டி நிற்பது வேறு விஷயம். என்ன வரிசையில் எதைச் செய்யணும்? பார்க்கலாம்.

முதலில் பழைய பெட்ரோல்

டேங்கில் மிச்சமிருக்கும் பழைய பெட்ரோலை முழுசா வடித்துவிட வேண்டும். நாள்பட்ட பெட்ரோல் பிசின் மாதிரி படிந்து கார்புரேட்டரின் ஜெட்டை அடைத்துவிடும். டேங்கின் உள்ளே துரு இருந்தால் அதையும் சுத்தம் செய்யணும். டேங்கில் ஓட்டை இருந்தால் அப்படியே வெல்டிங் வைக்கக் கூடாது. காலி டேங்கிலும் பெட்ரோல் ஆவி தங்கியிருக்கும், அது வெடிக்கும். இதைத் தெரிந்தவர்களிடம் மட்டுமே கொடுங்க.

பெட்ரோல் டியூப், கேஸ்கெட், கார்புரேட்டர் ரப்பர்களைப் புதுசா மாற்றிவிடுவது நல்லது. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். பழைய வண்டிகளின் ரப்பர் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஊறி, விரிசல் விட்டு, சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் தீப்பிடிக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும் என்பதால், டேங்கில் மாதக்கணக்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்க வேண்டாம்.

உடனே கிக்கரை உதைக்கலாமா?

கூடாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்க. மறுநாள் கிக்கரைக் கையாலேயே மெதுவாக அழுத்திப் பாருங்க. நகரவில்லை என்றால் பலவந்தம் வேண்டாம், இன்ஜினைப் பிரித்துத்தான் பார்க்கணும்.

பழைய புல்லட்டில், நீண்ட நாள் நின்றால் ஆயில் மெல்ல இறங்கி கிராங்க் கேஸில் தேங்கிவிடும். அதை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றணும். கிக்கர் திருப்பி அடித்தால் கால் எலும்பே உடையலாம். அதனால் டீகம்ப்ரஷர் லிவரைப் பயன்படுத்தி, சரியான இடத்துக்குக் கொண்டுவந்த பிறகே உதைக்க வேண்டும்.

யெஸ்டி, ராஜ்தூத் போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு பெட்ரோலோடு ஆயில் கலந்தாக வேண்டும். மறந்தால் ஓடும்போதே பிஸ்டன் ஜாம் ஆகி, பின் சக்கரம் அப்படியே நின்றுவிடும். கிராங்க் ஆயில் சீல் காய்ந்து காற்று இழுத்தாலும் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகி இதே கதிதான்.

ஏர் ஃபில்டர், சைலன்ஸருக்குள் எலியோ குளவியோ கூடு கட்டியிருக்கான்னு பாருங்க. முதல் ஸ்டார்ட்டை ஷெட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்யக் கூடாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

டயரில் பட்டன் இருக்கே, போதாதா?

போதாது. பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் இறுகிப் போயிருக்கும், மழையில் பிடிமானம் இருக்காது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர். டயரோடு டியூப்பையும் மாற்றுங்க. ஸ்போக்ஸ் தளர்ந்திருக்கா, ரிம் துருப்பிடித்திருக்கா என்பதையும் பார்க்கணும்.

பிரேக் விஷயத்தில் சமரசமே வேண்டாம்

டிரம்மைத் திறந்து பிரேக் ஷூவைப் பாருங்க. ஷூவிலிருந்து லைனிங் பெயர்ந்திருந்தால் சக்கரம் லாக் ஆகும். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசியை வாயாலோ ஏர் அடித்தோ ஊதக் கூடாது, ஈரத்துணியால் துடைக்கணும். பிரேக், கிளட்ச், ஆக்ஸிலேட்டர் கேபிள்களைப் புதுசாகவே போட்டுவிடுங்க.

வயரிங்கை எலி கடித்திருந்தால் ஷார்ட் ஆகும். பேட்டரி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்த பிறகே பல்பு வாங்கணும். ஹெட்லைட், பிரேக் லைட், ஹாரன் மூன்றும் வேலை செய்யாமல் வெளியே எடுக்க வேண்டாம்.

ஆர்.சி. காலாவதியா?

சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகள் வரைதான். பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. இன்ஷூரன்ஸ், புகைச் சான்று கட்டாயம். இன்ஷூரன்ஸ் இல்லாமல் முதல் முறை பிடிபட்டால் 2,000 ரூபாய் அபராதம், 3 மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு.

50 ஆண்டுகளைத் தாண்டி, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளை 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி ‘விண்டேஜ்’ வாகனமாகப் பதியலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டுகள். ஆனால் கண்காட்சி, ரேலி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம். தினமும் ஆபீஸுக்கு ஓட்ட நினைப்பவர்களுக்கு இது ஒத்துவராது.

முதல் ஓட்டம் எப்படி?

பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். புது வண்டி ஓட்டிப் பழகியவர்கள் அவசரத்தில் பிரேக்குக்குப் பதில் கியரை மிதித்துவிடுவார்கள். யெஸ்டியில் கிக்கரும் கியர் லிவரும் ஒன்றேதான். அதனால் காலி மைதானத்தில் பழகிவிட்டு, பிறகு ரோட்டுக்கு வருவதே சரி.

முதல் சில கிலோமீட்டர்கள் மெதுவாக, வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓட்டுங்க. திரும்பி வந்ததும் நட், போல்ட் தளர்ந்திருக்கா, ஆயில் கசியுதா, சக்கர நடுப்பகுதி அதிகம் சுடுதா என்று பாருங்க. சுட்டால் பிரேக் உரசுது அல்லது பேரிங் போயிருக்கு என்று அர்த்தம். இந்த வண்டிகளில் ஏ.பி.எஸ். கிடையாது. முன்னால் போகும் வண்டியிலிருந்து வழக்கத்தைவிட அதிக இடைவெளி விடுங்க, ஹெல்மெட் இல்லாமல் தெருமுனை வரைகூட எடுக்காதீங்க.