ஆலை நிரல்களில் குறிப்புரை

கணினி கண்டுகொள்ளாமல் தாண்டிப் போக, மனிதர் படிப்பதற்கென்றே நிரலுக்குள் எழுதப்படும் வரி குறிப்புரை. வழக்கில் ‘கமென்ட்’. 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழியில், துளையட்டையின் முதல் கட்டத்தில் ‘சி’ என்ற எழுத்து இருந்தால் அந்த அட்டை முழுவதும் குறிப்புரை. சி மொழி, சாய்கோடும் உடுக்குறியும் சேர்த்துத் தொடக்கமும் முடிவும் காட்டியது. முடிவுக்குறியை மறந்தால் அடுத்துள்ள கட்டளைகளும் குறிப்புரைக்குள் அடங்கிப்போகும். வரி முடிந்ததும் தானே முடிந்துவிடும் இரட்டைச் சாய்கோட்டில் அந்த ஆபத்து இல்லை. பிசிபிஎல் மொழியிலிருந்து சி++ எடுத்துக்கொண்ட இதை, சி மொழியின் தரம் 1999இல் ஏற்றது.

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ளதுபோன்ற உருக்காலை, உருட்டாலைகளில் குறிப்புரையைத் தேடுபவர் மென்பொருளாளர் அல்லர். இரவு ஷிஃப்டில் நின்றுபோன இயந்திரத்தின் முன் நிற்கும் எலக்ட்ரீஷியன். அந்த இயந்திரத்தை நடத்துவது ‘பிஎல்சி’ என்னும் கட்டுப்பாட்டுக் கணினி. 1968இல் அமெரிக்கப் பொறியாளர் டிக் மோர்லி வகுத்த அது, மின்விசையால் திறந்து மூடும் ரிலேக்களின் பலகைகளின் இடத்தைப் பிடித்தது. ரிலே வரைபடம் படித்தவருக்குப் புரியட்டும் என்றே அதன் நிரலும் ஏணி வடிவில், ‘லேடர்’ ஆக அமைந்தது. ஏணியின் ஒவ்வொரு படிக்கும் மேலே குறிப்புரை எழுதலாம். எழுத்து வடிவ நிரலுக்கு, 1993இல் வந்த ஐஇசி பன்னாட்டுத் தரம் பாஸ்கல் மொழியின் வழியில் அடைப்புக்குறியும் உடுக்குறியும் தந்தது. 2013 பதிப்பு சாய்கோட்டு முறைகளையும் சேர்த்தது.

குறியைவிட முக்கியம் அதற்குள் எழுதுவது. ‘டைமர் 5 விநாடி’ என்பது வீண். அது படியிலேயே தெரிகிறது. ‘ஹைட்ராலிக் பிரஷர் ஏறும்வரை காத்திருப்பு, குறைத்தால் கிளாம்ப் முழுதாகப் பிடிக்காது’ என்று எழுதியிருந்தால், உற்பத்தியைக் கூட்ட நினைத்து அந்த எண்ணில் கைவைக்க வருபவர் நின்று யோசிப்பார். ஒருவர் கை நசுங்காமல் காக்கக்கூடிய வரி இது.

பழைய பிஎல்சிகள் பலவற்றின் நினைவகத்தில் கட்டளை மட்டுமே ஏறியது. குறிப்புரை, நிரல் எழுதிய பொறியாளரின் கணினியிலேயே தங்கியது. அந்தக் கோப்பு தொலைந்தபின் இயந்திரத்திலிருந்து நிரலைத் திரும்ப எடுத்தால், பெயரற்ற முகவரிகள்தான் வரும். சீமென்ஸ் எஸ்7-1500 போன்ற பிற்காலக் கருவிகள் குறிப்புரையையும் தம்மிடமே வைத்துக்கொள்கின்றன. பழைய கருவி ஓடும் ஆலையில், இயந்திரத்தை ஒப்படைக்கும் நாளிலேயே குறிப்புரையுடன் கூடிய மூலக்கோப்பைக் கேட்டு வாங்கிவிட வேண்டும்.