ஒரே கணினி, நாலு பிள்ளைகள்

போன ஞாயிற்றுக்கிழமை மகன் வீட்டில் பேரப்பிள்ளைகள் மூவரும் ஒரே சோபாவில் இருந்தார்கள். ஆளுக்கொரு செல்போன். ஒரு மணி நேரம் ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "இந்த கேம்ஸ்தான் பிள்ளைகளைக் கெடுத்துடுச்சு" என்றார் சம்பந்தி. கெடுத்தது விளையாட்டுதானா என்று எனக்குச் சந்தேகம். கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன்.

1971ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரம். டான் ராவிட்ச் என்ற பயிற்சி ஆசிரியர் எட்டாம் வகுப்புக்கு வரலாறு நடத்த வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் மக்கள் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு மேற்கே ஆரெகனுக்குக் குடிபெயர்ந்த பாடம். அவரோடு தங்கியிருந்த பில் ஹைனமன், பால் டில்லன்பெர்கர் இருவரும் கணக்குப் பாடப் பயிற்சி ஆசிரியர்கள். மூவரும் சேர்ந்து இரண்டே வாரத்தில் 'ஆரெகன் டிரெயில்' என்ற கணினி விளையாட்டை எழுதிவிட்டார்கள். நம்மைப் போல ஆசிரியர் பயிற்சியில் இருந்தவர்கள் செய்தது என்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை!

அப்போது திரை கிடையாது. டெலிபிரிண்டரில் தட்டினால் பதில் தாளில் அச்சாகி வரும். வகுப்புக்கு ஒரே இயந்திரம். எனவே பிள்ளைகள் குழுவாகத்தான் ஆட முடிந்தது. வேட்டையாட ஒரு சொல்லை வேகமாக அடிக்க வேண்டும். கை வேகமானவர் அதற்கு. ஒருவர் வரைபடம் பார்த்தார், இன்னொருவர் பணக் கணக்கு பார்த்தார். எந்த முடிவுக்கும் பேசித்தான் ஆகவேண்டும்.

28 ஆண்டுகள் கழித்து, 1999 ஜனவரியில், டெல்லி கல்காஜியில் சுகதா மித்ரா தம் அலுவலகச் சுவரில் ஒரு கணினியைப் பதித்து வைத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் குடிசைப் பகுதி. சொல்லித்தர ஆள் இல்லை. பிள்ளைகள் கூட்டமாக வந்து படம் வரைந்தார்கள், விளையாடினார்கள், ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்தார்கள். திரையில் நகரும் அம்புக்குறிக்கு 'சூயி' என்று பெயர் வைத்தார்கள். இந்தியில் ஊசி. காத்திருக்கச் சொல்லும் மணற்கடிகாரத்துக்கு 'டமரு', அதாவது உடுக்கை. பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்ல வேண்டும் என்ற தேவை வந்ததும் சொல்லும் தானே பிறந்துவிட்டது.

இதெல்லாம் தெரியாத காலத்தில் நான் ஒரு தவறு செய்தேன். எங்கள் தொடக்கப் பள்ளிக்கு முதல் கணினி வந்தபோது, ஆளுக்கு ஐந்து நிமிடம், மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். ஒருநாள் வெளியே போய்த் திரும்பினால் ஒரே சத்தம். நாலு பிள்ளைகள் ஒரே பெஞ்சில். வகுப்பில் வாயே திறக்காத ஒரு மூன்றாம் வகுப்புப் பெண், "அங்க இல்லடா, மேல போ, மேல போ!" என்று மவுஸ் பிடித்த பையனுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அதட்டினேன். அவள் தலைகுனிந்து வரிசைக்குப் போனாள். அந்தக் குரலை அதற்குப் பிறகு அந்த வருடம் முழுவதும் நான் கேட்கவில்லை.

சேர்ந்து ஆடினால் சண்டையும் வரும், பெரியவன் சின்னவனைத் தள்ளுவான். முறை வைத்துக் கொடுக்கப் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தால் போதும். பிள்ளை பேச்சை இன்னொரு பிள்ளையிடமும் கற்கும்.

அடுத்த ஞாயிறு மூன்று போனில் இரண்டை வாங்கி அலமாரியில் வைக்கப் போகிறேன். மிச்சம் இருக்கும் ஒன்றில் மூவரும் ஆடட்டும். சத்தம் வரட்டும். உங்கள் வீட்டில் எப்படி? எழுதுங்கள்.